பழைய இழைப்புளி: பார்த்து எடுப்பதும் பழுது நீக்குவதும்

நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக் கொண்டிருந்த நேரத்தில், நெடுங்கண்டம் பக்கமிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். அவருடைய ஜீப்பின் பின்புறம் தகரம் அடித்த ஒரு மரப்பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே ஏழு இழைப்புளிகள். நான்கு இரும்பு, மூன்று மரம். எல்லாவற்றின் மேலும் செம்மண் பூசியது போலத் துரு.

"அப்பா வச்சிருந்ததுங்க சார். எஸ்டேட்டுல ஆசாரி வேலை பார்த்தாரு. பழைய இரும்புக்காரர் வெள்ளிக்கிழமை வர்றாரு. எடைக்குப் போட்டுறலாமா?"

"அவசரப்படாதீங்க தம்பி" என்றேன். பிறகுதான் அவர் இன்னொரு செய்தியைச் சொன்னார். ஊரில் தாத்தா காலத்து வீட்டைப் பிரித்தபோது மச்சிலிருந்து நான்கு பலாப் பலகைகள் கிடைத்தனவாம். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் அகலம். புது வீட்டின் பூஜை அறைக் கதவுக்கு அவற்றை வைத்திருந்தார். மின்சார பிளேனர் வைத்திருந்த ஒருவரிடம் முதல் பலகையைக் கொடுத்தார். முகம் முழுதும் நார் பிய்ந்து, கோழி கிளறிய மண் போல ஆகிவிட்டது. மீதி மூன்று பலகை. நான்காவதாக ஒன்று எங்கும் கிடைக்காது. ஏலமலைக் காட்டுப் பகுதியில் மரம் வெட்ட அனுமதி வாங்குவது எளிதல்ல என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று நம் பக்கத்தில் நல்ல பழைய மரம் என்பது பெரும்பாலும் பிரித்த வீட்டிலிருந்து வருவதுதான். அதை ஒருமுறைதான் இழைக்க முடியும், கெட்டால் கெட்டதுதான்.

ஆகவே அந்தப் பெட்டியை எடைக்குப் போடலாமா என்ற கேள்வியும், அந்த மூன்று பலகைகளை எப்படி இழைப்பது என்ற கேள்வியும் ஒன்றே. அதற்கான விடையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே போன்ற பெட்டி நம்மில் பலர் வீட்டுப் பரணில் இருக்கும் என்பது என் ஊகம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இழைப்புளியில் உள்ள 'புளி'க்கும் ரசத்தில் போடும் புளிக்கும் தொடர்பில்லை. இழைப்பு, உளி என்ற இரு சொற்களும் சேர்ந்தது இழைப்புளி. திருப்பும் உளி திருப்புளி ஆனது போலத்தான். சில ஊர்களிலும் இலங்கையிலும் சீவுளி என்பார்கள், அங்கும் உளிதான். நம் மலையாள நண்பர்கள் சிந்தேர் என்பார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இழைப்புளி என்பது ஓர் உளி. அந்த உளியை ஆடாமல், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் பிடித்துக் கொள்ள ஒரு கட்டை. உளி கூர்மையாக இல்லாவிட்டால் கட்டை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. உளி கூர்மையாக இருந்து, கட்டையில் அது ஆடினாலும் பயனில்லை. பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான். துரு என்பது கடைசி விஷயம்.

இரும்பு இழைப்புளிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் இருக்கும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இருந்த லெனார்ட் பெய்லி என்பவர் 1867-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. 1869-இல் ஸ்டான்லி கம்பெனி அவருடைய உரிமைகளை வாங்கிக் கொண்டது. அன்று முதல் இன்று வரை உலகில் செய்யப்படும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பகுதி அதன் நகல்களே. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்டு 1930களின் தொடக்கத்தில் அதே வடிவத்தில் நீல வண்ணம் பூசிச் செய்யத் தொடங்கியது. எண்களும் அவையே, ரெக்கார்டில் முன்னால் ஒரு சுழி சேரும். ஸ்டான்லியின் 5, ரெக்கார்டில் 05. எண் 4 ஏறத்தாழ ஒன்பதரை அங்குல நீளம், எண் 5 பதினான்கு, எண் 6 பதினெட்டு, எண் 7 இருபத்திரண்டு அங்குலம். நீளம் கூடக்கூட மேடு பள்ளத்தை மிதித்துக் கடந்து நேராக்கும். குட்டை இழைப்புளி பள்ளத்துக்குள் இறங்கி ஏறும். அதனால் அது மெருகு வேலைக்கு. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எண் 5 வைத்துக் கொள்ளுங்கள். கரடுமுரடு எடுக்கவும், ஓரளவு நேராக்கவும், கவனமாகத் தீட்டினால் மெருகேற்றவும் அது ஒன்றே போதும்.

அந்தப் பெட்டியில் இருந்த நான்கு இரும்பு இழைப்புளிகளில் ஒன்று ஸ்டான்லி 4, ஒன்று ரெக்கார்டு 05, ஒன்று ஸ்டான்லி 7. நான்காவது பெயர் தெரியாத அண்மைக்காலத்துப் பொருள். பளபளவென்று அதுதான் இருந்தது. அன்பர் அதைக் காட்டி, "இது மட்டும் நல்லாயிருக்கு சார்" என்றார். கடைசியில் எடைக்குப் போன இரண்டில் அதுவும் ஒன்று.

வயதைப் பார்த்துப் பெருமைப்படுவோருக்காகச் சில அடையாளங்கள். இரும்பு இழைப்புளியில் பிளேடு சாய்ந்து உட்காரும் சரிவான துண்டு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதைத் தவளை என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். பழைய ஸ்டான்லியில் தவளைக்குப் பின்னால் உடலின் வார்ப்பிலேயே காப்புரிமைத் தேதிகள் இருக்கும். ஏறத்தாழ 1930க்குப் பின் அவை இல்லை. பிளேடின் மேல் இதய வடிவச் சின்னம் இருந்தால் அது 1920-ஐ ஒட்டித் தொடங்கிய காலத்தது. கம்பெனித் தலைவராக இருந்த வில்லியம் ஹார்ட் என்பவரின் நினைவாகப் போட்டது. பித்தளை இருக்க வேண்டிய திருகுச் சக்கரம் கறுப்பு ரப்பராக இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பித்தளை போருக்குப் போய்விட்டது. இவையெல்லாம் சேகரிப்போருக்குச் சுவையான செய்திகள். பலகை இழைப்பவருக்கு இவற்றால் ஒரு சுருள்கூடக் கூடுதலாக வராது.

நமக்கு வேண்டியது விரிசல் இருக்கிறதா என்பது. இழைப்புளியின் உடல் வார்ப்பிரும்பு. துருவைத் தாங்கும், விழுந்தால் தாங்காது. மேசையிலிருந்து சிமெண்ட் தரையில் ஒருமுறை விழுந்தால் பக்கச் சுவரிலோ, வாயின் மூலையிலோ மயிரிழை போல விரிசல் ஓடும். வாய் என்பது அடியில் பிளேடு எட்டிப் பார்க்கும் துவாரம். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருந்தால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இங்கே ரயில்வே பட்டறையின் பழைய முறை ஒன்று உதவும். அச்சுகளில் விரிசல் தேட அங்கே எண்ணெயும் வெள்ளைச் சுண்ணப் பொடியும் பயன்படுத்துவது வழக்கம். உடலை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊற வையுங்கள். மறுநாள் எடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை ஸ்பிரிட்டில் குழைத்து மேலே மெல்லப் பூசுங்கள். பூச்சு காய்ந்து வெள்ளையானதும் பத்து நிமிடம் சும்மா இருங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையின் மேல் ஒரு கோடு வரையும். கோடு இல்லையென்றால் உடல் நலம்.

ஸ்டான்லி 4-இல் வாயின் இடது மூலையிலிருந்து பக்கச் சுவர் வரை கோடு வந்தது. அன்பரின் முகம் வாடியது. "அப்பா அதைத்தான் சார் அதிகமா வச்சிருந்தாரு" என்றார். உதிரி பாகங்களுக்காவது அது ஆகும் என்று சொல்லி எடுத்து வைத்தேன்; பிறகு ஆகவும் செய்தது.

விரிசலுக்கு அடுத்தபடி காணாமல் போன திருகுகள். ஸ்டான்லியின் மறைகள் நம் போல்ட் கடையில் கிடைப்பவை அல்ல. பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியின் திருகு 9/32 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மறை. கிட்டத்தட்ட அதே அளவுள்ள மெட்ரிக் திருகைப் பலவந்தமாக ஏற்றினால் வார்ப்பில் உள்ள மறை போய்விடும். லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம், அல்லது இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்து எடுக்கலாம். ஸ்டான்லி 7-இல் அந்த ஒரு திருகு மட்டும் இல்லை. விரிசல் விட்ட 4-இலிருந்து எடுத்துப் போட்டோம். கையால் சுற்றியபோதே சரியாக ஏறியது.

மறை பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைச் சக்கரம் இடமறை. அதாவது வலப்பக்கம் சுற்றினால் கழன்று வரும். துருப்பிடித்து இறுகிய சக்கரத்தை வழக்கம் போல இடப்பக்கம் திருகி, குறடு போட்டுத் திருகி, தண்டையே முறித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டு, ஒருநாள் பொறுத்து, வலப்பக்கம் திருகுங்கள். பித்தளையைத் துலக்க நம் வீட்டுப் புளியே போதும். அந்த அளவில் புளிக்கும் இழைப்புளிக்கும் தொடர்பு உண்டு.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது பிளேடின் பின்முகம். விளிம்பை ஒட்டி அரை அங்குலத்துக்குள் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் அந்தப் பிளேடில் நல்ல கூர் வராது. ஏனென்றால் கூர் என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு. ஒரு முகத்தில் குழி இருந்தால் அந்தக் கோடு அங்கே பல் போன சீப்பாகும். வேறு பிளேடு போட்டுக் கொள்ளலாம். உடலைத் தூக்கிப் போட வேண்டாம்.

மர இழைப்புளிகளைப் பழைய இரும்புக்காரர் விறகாகத்தான் பார்ப்பார். அதில் உள்ள பிளேடைக் கழற்றி, சாய்முகத்தைத் தீட்டிப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு தெரிந்து, கோட்டுக்கு ஒருபுறம் மங்கலாகவும் மறுபுறம் பளிச்சென்றும் இருந்தால் அது மெதுவான தேனிரும்பின் மேல் எஃகைக் காய்ச்சி ஒட்டிய பழைய பிளேடு. அந்தப் பெட்டியில் ஒன்றில் ஷெஃபீல்டின் வார்டு அண்ட் பெய்ன் முத்திரை இருந்தது. இந்தப் பிளேடுகள் நுனியில் தடிமனாக இருக்கும், அதனால் நடுங்காது. மெல்லிய ஸ்டான்லி பிளேடு ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. மரக் கட்டையில் ஆப்பு உட்காரும் தோள்களில் பிளவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும்போது ஆப்பை ஓங்கி அடித்தால் அங்கேதான் பிளக்கும். வாய் தேய்ந்து அகன்றிருந்தால் குறையில்லை. வாய்க்கு முன்னால் அடியில் ஈட்டி மரத் துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டி வாயைச் சிறிதாக்கிக் கொள்ளலாம். நம் ஆசாரிகள் காலங்காலமாகச் செய்யும் வேலைதான்.

இனி பழுது நீக்குவது. துருவுக்கு மண்ணெண்ணெயும் பித்தளைக் கம்பித் தூரிகையும் போதும். துரு மிகக் கனமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை இழைப்புளிக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கும் கொடுத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் சில மணி நேரம் விட்டால் துரு கரைந்து உதிரும். கைப்பிடிகளை முன்பே கழற்றிவிடுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். வெளிவரும் வாயு தீப்பிடிக்கும். எவர்சில்வர் தகட்டை ஒருபோதும் போடாதீர்கள். நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். எடுத்தவுடன் துடைத்து, வெயிலில் சூடேற்றி, எண்ணெய் பூசுங்கள். அரை மணி விட்டாலும் மறுபடி துரு ஏறும். நம் மலை ஈரத்தில் அரை மணிகூட வேண்டாம்.

அடுத்து அடிப்பாகம். இங்கேதான் பலர் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள். நானும் உழைத்தேன், அதோடு ஒரு நல்ல இழைப்புளியையும் கெடுத்தேன். பணி ஓய்வு பெற்ற புதிதில் எண் 6 ஒன்று கிடைத்தது. அடி சற்றே முறுக்கியிருந்தது. கையால் தேய்ப்பானேன் என்று மதுரையில் ஒரு கிரைண்டிங் பட்டறையில் கொடுத்தேன். காந்த மேசையில் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்கள். மேசையில் இருந்தவரை கண்ணாடி போலத் தட்டை. காந்தத்தை நிறுத்தி எடுத்தால் பழைய முறுக்கு அப்படியே. காரணம் எளிது. காந்தம் மெல்லிய வார்ப்பை இழுத்து நேராக்கிப் பிடிக்கிறது; விட்டதும் அது தன் நிலைக்குத் திரும்புகிறது. அடியில் தகட்டுத் துண்டு கொடுத்து, இழுபடாமல் வைத்துத் தேய்த்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் இரும்போடு இருந்த நான் அதைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டாம் முறை தேய்த்ததில் அடி மெலிந்து வாய் அகன்றுவிட்டது.

உண்மையில் அடி முழுதும் தட்டையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முன் நுனி, வாயின் முன் விளிம்பு, பின் நுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். இடையில் பள்ளம் இருந்தால் தீங்கில்லை. வாயின் முன் விளிம்பு பள்ளமாக இருப்பதுதான் கெடுதல். ஏனென்றால் நாரை மேலே எழும்பாமல் அழுத்திப் பிடிப்பது அந்த விளிம்புதான். நேர்கோலை நீளவாக்கில் வைத்து வாயருகே 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் அடியைத் தொடாதீர்கள். நுழைந்தால், தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் 80-ஆம் எண் எமரித் துணியை ஒட்டி, அடி முழுதும் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள். வாயோரக் கோடுகள் அழிந்தவுடன் நிறுத்திவிட்டு, 120, 220 என்று மென்மையான தாளுக்குப் போங்கள். தேய்க்கும்போது பிளேடை உள்ளே இழுத்து வைத்து, அழுத்துமூடியை வேலை செய்யும் அளவுக்கு இறுக்கியே வைத்திருக்க வேண்டும். அந்த இறுக்கத்தில் உடல் நூலிழை வளைகிறது. வளைந்த நிலையில்தானே அது வேலை செய்யப் போகிறது?

ரெக்கார்டு 05-க்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஸ்டான்லி 7-ஐத் தொடவே தேவையில்லை. பளபளத்த நான்காவது, அடியில் கால் மில்லிமீட்டர் பள்ளமும், தவளை உட்காரும் இடத்தில் வண்ணப் பூச்சின் மேலேயே உட்கார்ந்து ஆடும் நிலையும். தவளை ஆடினால் பிளேடு நடுங்கும். பலகையில் படிக்கட்டுப் போலக் கோடு விழும். எந்த இழைப்புளியானாலும் தவளையைக் கழற்றி, உட்காரும் முகங்களில் பெயிண்டும் மண்ணும் இல்லாமல் துடைத்து மாட்டுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்தான்.

பிளேடைத் தீட்டுவது. பின்முகம் முழுதும் கண்ணாடியாக வேண்டாம். விளிம்பை ஒட்டி கால் அங்குலம் போதும். இங்கிலாந்துத் தச்சர் டேவிட் சார்ல்ஸ்வொர்த் சொல்லித்தந்த ஒரு சுருக்குவழி உண்டு. கல்லின் ஓர் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு அளவுகோலை வைத்து, பிளேடின் பின்பகுதி அதன் மேல் இருக்குமாறு தீட்டினால், விளிம்பு மட்டும் கல்லில் படும். சாய்முகம் 25 பாகையில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் எண்ணெய்க் கல்லில் தீட்டுங்கள். பின்முகத்தில் விரலை வெளிப்புறமாகத் தடவினால் பிசிறு தட்டுப்பட வேண்டும். அகலம் முழுதும் தட்டுப்பட்டால்தான் தீட்டியது நுனி வரை வந்தது என்று பொருள். பிறகு மென்மையான கல்லில் மாறி மாறி ஒற்றிப் பிசிறை எடுங்கள். மெருகு வேலைக்கு இரு மூலைகளையும் நூலிழை கூடுதலாகத் தீட்டிவிட்டால் பலகையில் மூலைக்கோடு விழாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பலா இழைப்பது கடினம் என்று சொல்வது ஏன்? பலாவிலும் ஆஞ்சிலியிலும் நார் ஒரே பக்கம் ஓடாது. சில ஆண்டு வளர்ச்சி வலமாகவும் அடுத்த சில ஆண்டு இடமாகவும் திருகிக் கொண்டு வளரும். பலகையில் ஒரு விரல் அகலம் நமக்கு அணுக்கமாகவும் அடுத்த விரல் அகலம் எதிராகவும் இருக்கும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் பாதி எதிர்தான். எதிரே வரும் நாரில் பிளேடு வெட்டுவதற்கு முன்பே நார் நெம்பி எழும்பி, அடியோடு பிய்ந்துவிடும். நம் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கிலும் இதே தொல்லை வேறு விதமாக வரும்.

இதற்கு மருந்து பிளேடின் மேல் திருகி வைத்திருக்கும் இரண்டாவது தகடு. மேல் தகடு என்போம். சுருளை முறிப்பது அதன் வேலை. அது பிளேடின் விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், எழும்பும் சுருள் உடனே அதில் மோதி முன்னால் மடங்கும். மடங்கிய சுருளுக்குப் பின்னால் உள்ள நாரை நெம்ப வலுவிருக்காது. 1812-இல் லண்டனில் பீட்டர் நிக்கல்சன் எழுதிய தச்சு நூலிலேயே மரத்துக்கேற்ப இந்தத் தகட்டை நெருக்க வேண்டும் என்ற குறிப்பு உண்டு. பிறகு அது பலருக்கு மறந்து போயிற்று. ஜப்பானில் யமகதா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் கவாய், கத்தோ இருவரும் 1980களில் வெட்டுமுனையைப் பெரிதாக்கிப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். மேல் தகட்டின் நுனியைச் செங்குத்தாக, 80 பாகை வரை தீட்டி, விளிம்பிலிருந்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரை வைத்தால் பிய்தல் நிற்பதைக் காட்டினார்கள். 2012 வாக்கில் அந்தப் படம் மேலை நாட்டுத் தச்சர்களிடையே பரவிய பிறகு வாயை மயிரிழையாக்கும் வேலையைப் பலர் விட்டுவிட்டார்கள். வாய் ஒரு மில்லிமீட்டர் திறந்திருந்தாலும் பரவாயில்லை. மேல் தகடு நெருங்கியிருக்க வேண்டும்.

நெருங்குவது என்றால் எவ்வளவு? நாம் எழுதும் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். இரண்டு தாள் கனம் மட்டும் பிளேடு வெளியே தெரிய வேண்டும். வெளிச்சத்தில் ஒரு வெள்ளிக் கம்பி போலத் தெரியும். அதற்கு முன் மேல் தகட்டின் அடி விளிம்பு பிளேடின் மேல் இடைவெளியின்றிப் படிய வேண்டும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; எங்காவது ஒளி கசிந்தால் சுருள் அங்கே நுழைந்து அடைத்துக் கொள்ளும். எண்ணெய்க் கல்லின் ஓரத்தில் மேல் தகட்டை வைத்து, பின் நுனியைச் சற்றுத் தாழ்த்தித் தீட்டினால் முன் விளிம்பு மட்டும் படியும். முன் முகத்தை ஐம்பது பாகைக்கு மேல் செங்குத்தாகத் தீட்டி மெருகேற்றுங்கள். சரியாக வைத்தால் சுருள் வட்டமாகச் சுருளாமல் நேராக, சற்றே மடிந்து மடிந்து மேலே எழும். அதைப் பார்த்ததும் சரியென்று தெரிந்து கொள்ளலாம். மிகவும் நெருக்கினால் தள்ளுவது கனக்கும். சுருள் அக்கார்டியன் போல நொறுங்கும். அப்போது ஒரு தாள் கனம் பின்னுக்கு இழுங்கள்.

மாட்டிய பின் பித்தளைச் சக்கரத்தை வலமாகச் சுற்றிப் பிளேடை இறக்குங்கள். ஆழம் அதிகமாகிவிட்டால் பின்வாங்கிவிட்டு, மறுபடி வலமாகச் சுற்றியே முடியுங்கள். சக்கரத்தில் உள்ள வெற்றுச் சுற்றை எடுக்காமல் விட்டால் முதல் தள்ளுதலிலேயே பிளேடு உள்ளே போகும். இரு மூலைகளிலும் ஒரு சிறு மரச்சீவலை உரசிப் பார்த்துப் பக்க நெம்புகோலால் சமப்படுத்துங்கள். மர இழைப்புளியில் சக்கரம் கிடையாது, சுத்தியல்தான். பிளேடின் தலையைத் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறத்தைத் தட்டினால் ஏறும். ஆப்பு இறுகியதா என்பதைத் தட்டும் ஓசையே சொல்லிவிடும். இதை எழுத்தில் கற்க முடியாது. ஒரு பழைய ஆசாரியிடம் அரை நாள் இருந்தால் வரும்.

பிரித்த வீட்டு மரத்தில் கைவைக்கும் முன் ஆணிகளைத் தேடுங்கள். ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின் மேல் நகர்த்தினால் புதைந்த ஆணி தெரியும். அடியில் மெழுகுவர்த்தியை இரண்டு கோடு இழுத்துவிட்டால் தள்ளுவது பாதியாகும். தொடங்கும்போது முன்கை அழுத்தம், முடிக்கும்போது பின்கை அழுத்தம்.

நல்ல பலகைகளில் கை வைக்கும் முன், பிளேனர் கெடுத்த அந்தப் பலகையிலேயே ரெக்கார்டு 05-ஐ முதலில் ஓட்டிப் பார்த்தோம். பிய்ந்த பள்ளங்கள் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம். அன்பரே தள்ளினார், நான் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டேன். பள்ளங்கள் மறைந்து, மஞ்சள் முகம் ஈரம் பட்டது போல மினுங்கும் வரை ஒரு முழுக் காலை ஆயிற்று. நான்கு பலகையும் கதவுக்கு ஆகும் என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குள் போய் மனைவியை அழைத்து வந்து காட்டினார்.

மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம். ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். பளபளத்த நான்காவதும், திருகு கொடுத்த ஸ்டான்லி 4-இன் உடலும் வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரரிடம் போயின. 4-இன் பிளேடையும் கைப்பிடியையும் அன்பர் எடுத்து வைத்துக் கொண்டார். பலகைகளின் ஓரங்களை ஒட்டுக்கு நேராக்க ஸ்டான்லி 7 வேண்டும். அந்த வேலை மழை ஓய்ந்து மரம் காய்ந்த பிறகு.